ஓடைக்கரையில் நீர்மோர்

எதிர் ஃப்ளாட் பாண்டி போன் பண்ணியபோது நான் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இன்னைக்கு ஓடையில தண்ணி விடப் போறாய்ங்களாம். வெரசாக் கீழ வாங்க. மாமாவையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றான். அவனுக்குப் பின்னால் யாரோ யல்லா, யல்லா என்று அரபியில் அவசரப்படுத்திக் கத்துவது கேட்டது.

சித்திரை மாதம், பௌர்ணமி. மதுரையில் அன்று விடியற்காலையில்தான் அழகர் வைகையில் இறங்கியிருந்தார். எதிர் ஃப்ளாட் பையன்கள் டூட்டிக்குக் கிளம்புமுன் போனில் அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்த நாளில் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் நீர்மோர் கொடுப்பார்கள். யாரும் காசு வாங்கமாட்டார்கள். இங்கே வளைகுடாவில் பந்தலுக்கு எங்கே போவது? பையன்கள் சாயங்காலம் வந்து குடிக்கட்டும் என்று ஒரு வாளி கலக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் கீழே போனோம்.

தண்ணீர் ஒன்றும் கரைபுரண்டு வரவில்லை. முதலில் கற்களுக்கு நடுவே ஓர் ஈரக் கோடு தெரிந்தது. அப்புறம் அரிசி களைந்த தண்ணீர் முற்றத்தில் ஓடுகிற மாதிரி, ஒரு பிளாஸ்டிக் கப்பையும் நாலைந்து சிகரெட் துண்டுகளையும் தள்ளிக்கொண்டு மெதுவாக வந்தது. "அழகர் எறங்கிட்டாருடா" என்று ஒருத்தன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். விஷயம் புரியாத பாகிஸ்தான் லாரி டிரைவரும் சேர்ந்து சிரித்தார். முழங்கால் வரை பூட்ஸ் போட்டுத் தண்ணீரில் நின்ற பாண்டிக்குத்தான் முதல் டம்ளர் மோர் கொடுத்தேன்.

நாலா

ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. "நீ பாட்டுக்கு எழுதிட்டுப் போயிருவ, விசா என் பேர்லல்ல இருக்கு" என்கிறார் வீட்டுக்காரர். துபாய்க்கு வடக்கே, மலை கண்ணுக்குத் தெரிகிற ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் லிஃப்ட் இல்லாத பில்டிங்கைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் பின்பக்கம்தான் அந்த நாலா. ஒரு காலத்தில் மலையிலிருந்து மழைத்தண்ணீர் வருகிற வாடியாம், அதாவது ஓடை. ஊர் பெருத்தபோது இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பிச் சாக்கடையாக்கிவிட்டார்கள். அரபிக்காரரைத் தவிர எல்லோரும் அதை இந்தியில் நாலா என்றுதான் சொல்வோம்.

நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். முட்டைக்கோஸை வேகவைத்து மறந்துபோனது போல இருக்கும். ஜன்னல் இடுக்கையெல்லாம் டேப் ஒட்டி அடைத்தோம். அப்படியும் ஏசி வழியாக வந்துவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த மல்லிப்பொடி டப்பாவைத் திறந்து அடிக்கடி மோந்து பார்த்துக்கொள்வேன். சிரிக்காதீர்கள், வேறு வழியில்லை.

ஆனால் அந்த நாற்றம் இருந்ததால்தான் எங்களால் அங்கே குடியிருக்க முடிந்தது. நாலாவுக்குப் பக்கத்தில் வாடகை குறைவு. வீட்டுக்காரரின் ஏசி மெக்கானிக் சம்பளத்தில் ஒரு பெட்ரூம் வீடு எங்களுக்கு வேறு எங்கேயும் கிடைத்திருக்காது. எதிர் ஃப்ளாட்டில் ஆறேழு பையன்கள் கட்டில் மேல் கட்டில் போட்டு இருந்தார்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எல்லாம் எங்கள் பக்கத்துப் பையன்கள்தான். இரண்டு வேளையும் நான்தான் அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தேன். பையன்கள் என்கிறேனே தவிர, பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது.

பேச்சிலர்

வளைகுடாவைப் பார்க்காதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கும் ஆம்பளை எல்லோருமே இங்கே பேச்சிலர்தான். எதிர் ஃப்ளாட்டில் ஒருவர் பேரன் எடுத்தவர், அவரும் பேச்சிலர். பாண்டிக்கு ஊரில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் உண்டு.

பேச்சிலர்கள் குடும்பங்கள் இருக்கும் பகுதியில் குடியிருக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். எங்கள் பகுதிக்கு வேறு குடும்பங்கள் வந்தால்தானே அந்தப் பேச்சு வரும். அந்த நாற்றத்தில் யார் வருவார்கள்? ஓனரும் கண்டுகொள்ளவில்லை, முனிசிபாலிட்டி ஆபீசிலிருந்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

இல்லாவிட்டால் பையன்கள் கம்பெனி கேம்ப்புக்குப் போக வேண்டும். அது ஊருக்கு வெளியே, சிமெண்ட் ஃபேக்டரிகளுக்கு நடுவே இருக்கிறது. ஒரு ரூமில் பன்னிரண்டு பேர், ஆறின சாப்பாடு, டூட்டிக்குப் போகவர பஸ்ஸிலேயே பாதி நாள். இங்கேயிருந்தால் சைட்டுக்கு நடந்து போய்விடலாம். எதிர் ஃப்ளாட் என்ன ஆனாலும் கையை விட்டுப் போய்விடக் கூடாது என்பதுதான் அவர்களுடைய ஒரே வேண்டுதல். எனக்கும் அதுதான்.

கோணல் கல்

அப்படி இருக்கும்போதுதான் நாலாவைத் திரும்ப ஓடையாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பாண்டி வேலை பார்த்த கம்பெனிக்கே அந்த வேலை கிடைத்தது. கான்கிரீட் சுவரை உடைத்தார்கள். மாதக்கணக்கில் தூசி. துணி காயப்போட முடியாது.

பாண்டிக்குக் கல் பாவுகிற வேலை. கொத்தனார் பரம்பரை, நூல் பிடித்து நேராகப் போட்டுப் பழகிய கை. முதல் வாரம் பளிங்குத் தரை மாதிரி வரிசையாகக் கல் பதித்துவிட்டு நிமிர்ந்து நின்றிருக்கிறான். இன்ஜினியர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாராம். மொத்தத்தையும் பெயர்க்கச் சொல்லிவிட்டார்.

"கோணலாப் போடணுமாம்க்கா. தானா உருண்டு வந்து கெடக்குற மாதிரி இருக்கணுமாம். கோணலாப் போடாதடா, கோணலாப் போடாதடான்னு எங்கப்பன் என்னைய அடிச்ச அடி கொஞ்சமா? இங்க நேராப் போட்டதுக்கு ஏச்சு வாங்குறேன்" என்று சோற்றில் கை வைத்தபடி சொன்னான். அவன் கை கோணலுக்குப் பழக ஒரு மாதம் ஆனது.

நாணல் வைத்தார்கள். வேம்பும் வன்னி மாதிரி ஒரு மரமும் நட்டார்கள். சுத்தம் பண்ணிய கழிவுநீரைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து விட்டார்கள், மழைக்காலத்தில் மலைத் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும் என்றார்கள். நான் முதலில் சொன்ன அந்தச் சித்திரைச் சாயங்காலம்தான் அது திறந்துவிடப்பட்ட நாள்.

மோருக்கு என்ன விலை

அதற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரையிலும் மோர் வழக்கமாகிவிட்டது. வாளி போய், குழாய் வைத்த பெரிய பிளாஸ்டிக் டிரம் வந்தது. கரையில் ஒரு மேசை போடுவோம். நான் கலக்குவேன், பையன்கள் ஊற்றிக் கொடுப்பார்கள். ஊர் எப்படி மாறியது என்று என்னைக் கேட்டால், அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்களைத்தான் சொல்வேன்.

முதல் ஒன்றிரண்டு வருடம் வந்தவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். தையல் கடைக்காரர், ஊருக்குப் பெட்டி அனுப்புகிற கார்கோ கடைப் பையன், குப்பை வண்டிக்காரர்கள். ஒரு வயதான அரபி ஒருநாள் வந்து டம்ளரை மோந்து பார்த்துவிட்டு "லபன்!" என்றார். அவர்களும் மோர் குடிப்பவர்கள்தானே. மூன்று டம்ளர் குடித்தார், உப்பு இன்னும் கொஞ்சம் போடலாம் என்று சைகை காட்டினார். சரி என்று போட்டேன்.

அடுத்து கொக்கு வந்தது. கொசுவும் வந்தது. மரங்கள் தலைக்கு மேல் வளர்ந்தன. நாற்றம் எந்த மாதம் நின்றது என்று எனக்கு ஞாபகமில்லை. ஒருநாள் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

பிறகு நடைபாதை, மரப்பாலம், விளக்கு. தையல் கடை போய் நாய்க்கு முடி வெட்டுகிற கடை வந்தது. கார்கோ கடை இருந்த இடத்தில் பச்சை நிறத்தில் காபி விற்றார்கள். பக்கத்து பில்டிங்குக்கெல்லாம் பெயிண்ட் அடித்துக் குடும்பங்களுக்கு விட்டார்கள். சாயங்காலம் தலையில் வேர்வைப் பட்டை கட்டிக்கொண்டு ஆட்கள் ஓட ஆரம்பித்தார்கள்.

அந்த வருடம் மோருக்கு நின்ற ஒரு பெண் "எவ்வளவு?" என்று கேட்டாள். சும்மாதான் என்றோம். நம்பவில்லை. எந்தக் கடையின் விளம்பரம் என்று மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். குடித்துவிட்டு ஒரு நோட்டை மேசையில் வைத்துவிட்டு ஓடிப் போனாள். அதைத் திருப்பிக் கொடுக்கப் பாண்டி பின்னாலேயே ஓட, அவள் பயந்துபோய் இன்னும் வேகமாக ஓட, நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

எங்கள் பில்டிங் வாட்ச்மேன் மட்டும் சிரிக்கவில்லை. "பாய், ஓடாத. நீ ஓடினா தப்பாத் தெரியும்" என்று இந்தியில் சொன்னான். அவன் சொன்னது சரி. கொஞ்ச நாளில் கரையில் பெஞ்சுக்குப் பக்கத்தில் போர்டு வைத்தார்கள், சாயங்காலத்தில் குடும்பங்களுக்கு மட்டும் என்று. பையன்கள் டூட்டி முடிந்து பின்சந்து வழியாகவே வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்கள் பதித்த கல்லில் அவர்கள் உட்காரக் கூடாது என்று எனக்குக் கோபம் வந்தது. பாண்டிக்கு வரவில்லை. "நமக்கு உக்காரவா நேரம் இருக்கு?" என்றான்.

பெருமழை

பிறகு அந்த மழை வந்தது. வளைகுடாவில் இருந்த யாருக்கும் எந்த மழை என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே நாளில் ரோடெல்லாம் ஏரியானது, கார்கள் மிதந்தன. ஊரே இடுப்பளவு தண்ணீரில் கிடந்தது.

எங்கள் தெருவில் கணுக்கால்கூட நனையவில்லை. மலையிலிருந்து வந்ததையும் தெருவில் பெய்ததையும் ஓடை வாங்கிக்கொண்டு கடலுக்குக் கொண்டுபோனது. செம்மண் நிறத்தில், இரைச்சலோடு, அகலமாக. பழைய கான்கிரீட் சாக்கடையாக இருந்திருந்தால் கீழ்வீடுகள் போயிருக்கும்.

அன்று டூட்டி கிடையாது. பாண்டி பால்கனியை விட்டு நகரவே இல்லை. டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஒரு கல்லு அசையலக்கா, பாத்தீங்களா? கோணலாப் போடச் சொன்னது எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது. நேராப் போட்டிருந்தா அம்புட்டையும் உருட்டிக்கிட்டுப் போயிருக்கும்" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

எங்களுக்கு வினையும் அந்த மழையில்தான் வந்தது. தண்ணீர் நிற்காத ஏரியா என்று பேர் பரவிவிட்டது. வீடு கேட்டு வரிசையாக வந்தார்கள். எங்கள் பில்டிங் ஓனரும் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். காலியான வீட்டையெல்லாம் குடும்பத்துக்கு மட்டும் என்று விட்டார். எதிர் ஃப்ளாட்டை மட்டும் பழைய பழக்கத்துக்காக விட்டுவைத்திருந்தார். "சத்தம் போடாம இருங்கப்பா" என்று பையன்களுக்குச் சொல்லி வைத்தோம். அவர்கள் செருப்பைக்கூட வாசலில் விடாமல் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

ஒரு போட்டோ

மேல்மாடிக்கு ரம்யா வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், பேங்கில் வேலை. மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, காரும் போய், குழந்தையோடு தப்பித்தால் போதும் என்று வந்த குடும்பம். நல்ல பெண். மாடிப்படியில் பார்த்தால் பையன்களை "சாப்டீங்களாண்ணா?" என்று கேட்பாள். அப்படிக் கேட்டவர்கள் அந்த பில்டிங்கில் வேறு யாருமில்லை.

மழைக்கு அடுத்து வந்த சித்திரையில் நான் வேண்டாம் என்றேன். மேசை போட வேண்டாம், கண்ணில் படாமல் இருப்போம் என்றேன். பாண்டி கேட்கவில்லை. "ஒரு வருசம் விட்டா சாமிக்கு என்ன சொல்றது? அரைமணி நேரம்க்கா. ஊத்திட்டு ஓடி வந்துர்றோம்."

அரைமணி நேரம்தான் நின்றோம். ரம்யாவும் குழந்தையோடு வந்து குடித்துவிட்டுப் படம் எடுத்தாள். சாயங்காலமே அந்த ஏரியாக்காரர்கள் இருக்கிற இணையக் குழுவில் போட்டிருக்கிறாள். நம் ஓடையைக் கட்டியவர்களில் ஒருவர் இவர், எங்கள் பில்டிங்கில் வருடக்கணக்காக நண்பர்களோடு குடியிருக்கிறார், ஒவ்வொரு வருடமும் இலவசமாக மோர் கொடுக்கிறார்கள், இப்படிப்பட்ட மனிதர்கள் நமக்குப் பக்கத்தில் இருப்பது பாக்கியம் என்று இங்கிலீஷில் எழுதி, பில்டிங் பெயரையும் சேர்த்திருந்தாள். ஏராளமான பேர் இதயம் போட்டிருந்தார்கள். பாண்டி அதை மனைவிக்கு அனுப்பிவைத்தான்.

இதயம் போட்டவர்களில் யாரோ ஒருவர், அங்கே பேச்சிலர்களா இருக்கிறார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

காலி

மாதம் முடிவதற்குள் ஓனர் ஆபீஸ் ஆளோடு ஒரு முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். கட்டில்களைப் பார்த்தார். ஃபேமிலி பில்டிங், பேச்சிலர் மாஃபி, கூடாது என்றார். அனுமதி இல்லாமல் பொது இடத்தில் சாப்பாட்டுப் பொருள் கொடுப்பதும் தப்பு, அதை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன் என்றார். கதவில் ஒரு தாள் ஒட்டினார். கலாஸ், முடிந்தது.

பாண்டி இன்ஸ்பெக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "சார், நான் அந்த ஓடையில வேலை பாத்தவன்." அது கேள்விகூட இல்லை. இன்ஸ்பெக்டர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

கம்பெனி பஸ் வந்தது. கட்டில்களைக் கழற்றி இறக்கினார்கள். பேரன் எடுத்தவர் என் வீட்டு வாசலில் வந்து என் சட்டியை நீட்டி, "கொழம்புச் சட்டியத் தேய்க்க முடியல, மன்னிச்சுக்கம்மா" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. ஒரேயடியாக அலுப்பாக இருந்தது. எத்தனை வருடமாக ஆட்களை வரவேற்று, சோறு போட்டு, வழியனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. இரண்டு பேருக்குச் சோறு வைக்க அளவு தெரியாமல் ஒரு வாரம் பழையது சாப்பிட்டோம்.

ரம்யா படியில் பார்த்து, "அண்ணாங்களையெல்லாம் காணோமேக்கா, ஊருக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

பேசாமல் போயிருக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. "நீ போட்ட போட்டோவப் பாத்துத்தாம்மா வந்தாய்ங்க" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நல்லது சொல்லித்தானுங்க்கா போட்டேன்" என்றாள். போனை எடுத்து அதை அழித்தாள். அழித்தால் ஆள் வந்துவிடுவார்களா? ஆனாலும் அவள் மேல் எனக்கிருந்த கோபம் அங்கேயே பாதி போய்விட்டது. வேறு யாரும் அவர்களைப் பற்றி நல்லதாகவும் எழுதவில்லையே.

கேட்டுக்கு வெளியே

இந்தச் சித்திரையில் ரம்யாதான் கதவைத் தட்டினாள். தயிர் வாளி இரண்டு கையிலும் தொங்கியது. "நீங்க கலக்குங்க்கா, நான் கார் எடுக்கறேன்" என்றாள்.

டிரம்மைப் பின்சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டுக் கட்டினோம். ஊரைத் தாண்டி, குவாரி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனோம். கேம்ப் கேட்டில் பெண்களை உள்ளே விடமாட்டார்கள். பாண்டிக்குப் போன் பண்ணினோம். எல்லோரும் லுங்கியோடு வெளியே வந்தார்கள். பாண்டி இளைத்திருந்தான். ரம்யாவைப் பார்த்ததும், அவள் வாயைத் திறப்பதற்குள், "பாப்பா நல்லாருக்கா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டான். மன்னிப்புக் கேட்க வந்தவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கேட்டுக்கு எதிரே ஒரு சாக்கடை. இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர். அந்த முட்டைக்கோஸ் நாற்றத்தை நான் மறக்கவில்லை. ரம்யா துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"கொஞ்ச நாளைக்குத்தாங்க்கா இந்த வாடை" என்றான் பாண்டி. "இதையும் ஓடையாக்கப் போறாய்ங்க. எங்க கம்பெனிக்குத்தான் வேலை. அடுத்த மாசம் செவுத்த ஒடைக்கிறோம்."

மற்றவர்களும் மோரைக் குடித்துக்கொண்டே தலையாட்டினார்கள். அவர்களுக்குச் சந்தோஷம்தான். மரம் வரும், கொக்கு வரும், ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாம். எனக்கு அதற்கு மேலும் தெரிந்தது. அதைச் சொல்லக் கூடாது என்று டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பாண்டி என் முகத்தைப் பார்த்தான். "தெரியும்க்கா. முடிஞ்சதும் இங்கேருந்தும் கெளப்பிருவாய்ங்க. கல்லு பாவ ரெண்டு வருசம், மரம் வளர மூணு நாலு வருசம். அதுக்குள்ள சின்னவ காலேஜ முடிச்சிருவா. அதுவரைக்கும் இந்த எடம் போதும்."

இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன்.

"அப்ப கல்லப் பையப் போடுடா பாண்டி" என்றேன்.

"நான் பையத்தாங்க்கா போடுறேன்" என்றான் அவன். "ஃபோர்மேன்தான் யல்லா யல்லாங்கிறான்."